மாப்பிள்ளைக்கு வேட்டைப் பூட்ஸ்

கப்பலில் மற்றவர்கள் பணப்பையையும் நகையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். நான் ஒரு ஜோடி பூட்ஸை வைத்துக்கொண்டு தூங்கினேன். கடலூரில் எங்கள் வீட்டுக்காரர் சொல்லிச் செய்த பூட்ஸ் அது. தடித்த தோல், அடியில் வரிசையாக இரும்பு ஆணி, கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரம். மோரீஸ் தீவில் என் மாப்பிள்ளை மான் வேட்டைக் காட்டுக்குக் காவலர். வேட்டைக்குப் போகிறவருக்கு மெல்லிசாக ஒன்றைக் கொண்டு போய்க் கொடுக்க முடியுமா? "யானை மிதிச்சாலும் உள்ள இருக்கற காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தைத்தவர் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு பெருமை. மோரீஸில் யானையே கிடையாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

மாப்பிள்ளை என் சொந்த அண்ணன் மகன்தான். அண்ணன் இளவயதில் கப்பலேறிப் போய் அங்கேயே குடும்பம் ஆனவர். உலகச் சண்டைக்கு முன்னால் மகனை ஊருக்கு அழைத்து வந்து என் மகள் ராஜத்தைக் கேட்டார். கொடுத்தோம். அப்புறம் சண்டை வந்தது, கப்பல் நின்றது, அண்ணனும் போய்ச் சேர்ந்தார். மகளை மறுபடி பார்ப்பது இப்போதுதான். இத்தனை வருஷமாக மாப்பிள்ளைக்கு ஒரு சீர் செய்ததில்லை. அந்தக் குறை தீரப்போகிறது என்பதால் கடல் மயக்கம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ரோஸ் பெல் என்கிற அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. கரும்பு நம் பக்கத்திலும் உண்டு, ஊரைச் சுற்றி இருக்கும். இங்கே கரும்புக்கு நடுவில் ஊர் ஒளிந்துகொண்டிருக்கிறது. வயலில் கிடந்த கருங்கல்லை எல்லாம் பொறுக்கி ஆங்காங்கே சின்னக் கோபுரம் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். காட்டோரத்தில் தகரக் கூரை போட்ட மரவீடு, முன்னால் சிமெண்ட் வராந்தா. எஸ்டேட் கொடுத்த வீடு. ராஜம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பேரன்கள் கியூர்பிப்பில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள், விடுமுறைக்கு வருவார்கள் என்றாள். சோறு, பருப்பு, தக்காளியில் வதக்கிய கருவாடு, கூட ரசம். ரசத்தை இங்கே ரசோன் என்கிறார்கள். பேர் மாறினாலும் மிளகு மாறவில்லை. இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

மாப்பிள்ளை வந்ததும் நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அண்ணன் மகன்தான், சின்னப் பையனாக இருந்தால் தூக்கியிருப்பேன். ஆனாலும் மாப்பிள்ளை ஆகிவிட்டால் மாப்பிள்ளைதானே? முகத்துக்கு நேரே நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை.

"அத்தே, வாங்க. கப்பல்ல மலாட் இல்லையே?" என்றார் அவர். மலாட் என்றால் உடம்புக்கு முடியாமல் போவது. அவருடைய தமிழ் கொஞ்சம்தான். வீட்டில் இரண்டு பேரும் இந்தத் தீவுப் பேச்சான கிரியோல்தான் பேசிக்கொள்கிறார்கள். என் மகள் அதை உள்ளூர்க்காரி மாதிரி பொரிந்து தள்ளுகிறாள்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், வேட்டி வைத்தேன். தோலை மஞ்சளோடு ஒரே தட்டில் வைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் பலகை போட்டுக் காகிதம் விரித்து பூட்ஸை வைத்தேன். ராஜம்தான் எடுத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு நிமிஷம் அந்த ஆணிகளைப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார். வராந்தாவில் டக் டக் என்று சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுப் பூரித்துப் போனேன்.

அடுத்த நாளும் டக் டக். அதற்கு அடுத்த நாள் ஒரு கிழவர் வேலியோரம் வந்து நின்றார். கறுத்து, உயர்ந்து, வெறுங்காலோடு இருந்தார். தோன் போல் என்று கூப்பிடுகிறார்கள். தோன் என்றால் நாம் மாமா என்று மரியாதையாகச் சொல்வது மாதிரி. வேட்டையின்போது கூச்சல் போட்டு மானை ஓட்டுகிற ஆட்களில் அவர் பழையவர். மாப்பிள்ளையின் காலைக் காட்டி ஏதோ சொன்னார். ராஜம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி சொல்றாரு?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுடி."

"இந்த பூட்ஸ் சத்தத்துக்கு மானெல்லாம் மடகாஸ்கருக்கு நீந்திப் போயிடுமாம்."

எனக்குச் சுருக்கென்றது. நல்ல பொருளைப் பார்த்திராத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை முகத்தை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா? அதனால் கண் எப்போதும் அவர் காலில்தான் இருக்கும். அன்று சாயங்காலம் படியில் உட்கார்ந்து அவர் பூட்ஸைக் கழற்றும்போது கதவிடுக்கில் பார்த்தேன். குதிகாலில் காலுறை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெல்லப் பிய்த்தார். காலுறை சிவப்பாக இருந்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ராஜத்தை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொல்லிவிட்டாள். "மொத நாளே தோலு உரிஞ்சிடிச்சும்மா. வியர்வையும் தண்ணியும் உள்ளயே நின்னு ஊறிப்போவுது. அத்தை எடுத்தாந்தது, போடாம இருந்தா அவங்க மனசு என்ன பாடுபடும், சொல்லாதன்னுட்டாரு."

"முன்னெல்லாம் எதப் போட்டுக்கிட்டு போனாரு?"

"கித்தான் பூட்ஸ் ஒண்ணு வச்சிருந்தாரு. பிஞ்சு போச்சு. நீங்கதான் எடுத்தாறீங்களேன்னு புதுசு வாங்கல." கொஞ்சம் தயங்கி மீதியையும் சொன்னாள். "சனிக்கிழமை மொத வேட்டை. இந்த வருஷந்தான் இவரத் தலைவரா போட்டிருக்காங்க. ஆளுங்களை வரிசையா நிறுத்திக் காடு முழுக்க நடத்திக்கிட்டு வரணும். நடக்க முடியலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்புறம் இந்த வீட்டையும் அந்த ஆளுக்குத்தான் குடுப்பாங்க."

நான் வெந்நீர் வைத்தேன். உப்பைப் போட்டேன், மஞ்சளைக் குழைத்தேன். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேரே வராந்தாவுக்குப் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! மாப்பிள்ளை பதறி எழுந்தார்.

"அத்தே, நோ, நோ! பெரியவங்க நீங்க. காலைத் தொடக்கூடாது."

"கல்யாணத்துல தாம்பாளத்துல வச்சுக் கழுவின காலுதான், உக்காருங்க" என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு குதிகாலும், சுண்டுவிரல் ஓரமும் வெந்து போனது மாதிரி இருந்தன. கழுவித் துடைத்து மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினேன். ஆணி பூட்ஸை எடுத்து பரண்மேல் போடு என்று ராஜத்திடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் போட்டுவிட்டாள்.

காலையில் அவர் குளித்துவிட்டு வராந்தாவில் நடந்தார். சிமெண்டில் ஈரப் பாதம் அச்சாக விழுந்தது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குதிகாலிலிருந்து பெருவிரல் வரை வைத்து ஒடித்துக்கொண்டேன். அகலத்துக்கு இன்னொன்று. "இன்னைக்கு நடக்கக் கூடாது" என்று மாப்பிள்ளைக்கு உத்தரவு போட்டுவிட்டு, நானும் ராஜமும் போர்ட் லூயிக்கு ரயிலேறினோம்.

ரயிலில் ராஜம் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முதலில் பாம்பைத்தான் கேட்டேன்.

"இந்தத் தீவுல விஷப் பாம்பே இல்லம்மா."

"இல்லவே இல்லியா? அப்ப எதுக்குடி அவ்ளோ தடியான தோலு?"

"அதத்தான் நானும் யோசிச்சேன்" என்று சிரித்தாள். காட்டில் இருப்பது பாசி பிடித்த கருங்கல், கொய்யாப் புதர், குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற ஓடை. வழி விடுவதற்காகக் கொய்யாவை வெட்டினால் அடிக்கட்டை ஈட்டி மாதிரி நிற்குமாம். துரைமார் மிராடோர் என்கிற மர மேடைமேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். கீழே நடப்பதெல்லாம் ஆட்கள்தான். குளிர்காலம் ஆரம்பம் என்று ராஜம் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எனக்கு முதுகு வழியாக வியர்வை ஓடியது. இதில் ஓடி ஓடி நடக்கிறவருக்கு எப்படி இருக்கும்!

ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றபோது கூடையில் எதையோ சுடச்சுட விற்றார்கள். எட்டிப் பார்த்தால் மசால் வடை! கடல் தாண்டி வந்து மசால் வடை! ராஜத்திடம் சொல்லாமல் இறங்கிவிட்டேன். கத்தோ பிமா என்று பெயராம். அதை ரொட்டியைப் பிளந்து உள்ளே வெண்ணெயோடு வைத்துத் தருகிறார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால் வண்டி நகருகிறது. என் தொண்டையிலிருந்து ஒரு அலறல் வந்ததே, அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. இரண்டு கிரியோல் பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தானிய மூட்டை மாதிரி உள்ளே தூக்கிப் போட்டார்கள். ஒருத்தி "ஐயோ மாமா!" என்றாள். மாமா என்றால் இங்கே அம்மாவாம். ஐயோ என்பதை அவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். வடை ஒன்றுகூட விழவில்லை. எல்லாருக்கும் கொடுத்தேன்.

போர்ட் லூயி சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கடை. அரிசி, விளக்கு, துணி, குடை, பூட்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கடைக்காரர் வயதானவர், கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. பேச்செல்லாம் கிரியோல். ராஜம் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

"வேட்டைக்கா? அப்படியானால் இதுதான். எஸ்டேட் துரைகள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று பளபளக்கும் தோல் பூட்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். ராஜத்துக்குக் கண் விரிந்தது.

"துரை ஏணியில ஏறி மேடையில உக்காந்துக்குவாரு. நடக்கறது உம் புருஷன்டி" என்றேன். அவள் அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். எனக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போல ஆயிற்று.

அடுத்தது முழங்கால் வரை ரப்பர். தண்ணீர் உள்ளே போகாது என்றார். முழங்கை வரை கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். எடுத்தால் கை கசகசவென்று ஈரம். தண்ணீர் போகாது, சரி, வியர்வை எப்படி வெளியே வரும்? வேண்டாம். பிறகு பந்து விளையாடுகிறவர்கள் போடுகிற வெள்ளைக் கித்தான். பஞ்சு மாதிரி லேசு! ஆனால் கணுக்கால் திறந்து கிடந்தது, அடியோ தட்டு மாதிரி வழவழப்பு. கொய்யாக் கட்டைக்கும் பாசிக் கல்லுக்கும் அது ஆகாது. "வெள்ளையா வேற இருக்கே, நாங்க வர்றோம்னு மானுக்குச் சொல்லி அனுப்பற மாதிரி" என்றாள் ராஜம்.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். உத்திரத்தில் கயிற்றில் வாழைக்காய்த் தார் மாதிரி பச்சை நிறத்தில் ஏதோ கொத்தாகத் தொங்கியது. "அது என்ன?"

"பட்டாளத்துச் சரக்கு. சண்டை முடிந்ததும் ஏலத்தில் வந்தது. வெயில் காட்டில் சண்டை போடுகிறவர்களுக்காகச் செய்தது. அழகாக இருக்காது, யாரும் கேட்பதில்லை."

இறக்கச் சொன்னேன். கெட்டிக் கித்தான், கணுக்காலுக்கு மேல் வரை கயிறு கட்டுகிற மாதிரி உயரம், அடியில் பல் பல்லாக ரப்பர். ஒரு கையில் இதையும் மறு கையில் துரை பூட்ஸையும் தூக்கிப் பார்த்தேன். துரை பூட்ஸ் கல், இது கத்தரிக்காய். அடியைப் பிடித்து வளைத்தால் வளைந்து கொடுத்தது. குதிகால் பக்கம் உள்ளே விரலை விட்டுத் தடவினேன். தையல் முண்டாகத் துருத்தவில்லை. மற்ற காலைப் பார்த்த பக்கத்தில், அடிக்குச் சற்று மேலே, பித்தளை வளையம் வைத்த இரண்டு ஓட்டைகள் இருந்தன.

"இது எதுக்காம்?"

"காற்று போக" என்றார் கடைக்காரர்.

"ஒரு குவளைத் தண்ணி கேளுடி."

அவர் எனக்குத் தாகம் என்று நினைத்து, மரியாதையாகக் கண்ணாடித் தம்ளரில் கொண்டு வந்தார். நான் அதை வாங்கிப் பூட்ஸுக்குள் ஊற்றினேன். "ஐயோ!" என்று அவர் தலையில் கை வைத்தார். இரண்டு ஓட்டையிலும் தண்ணீர் நூலாக இறங்கியது. கவிழ்த்துத் தட்டினேன், மிச்சமும் போயிற்று. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! ஓடையில் இறங்கினால் தண்ணீர் வரத்தான் வரும். வந்தது போய்விட்டால் போதுமே!

ஆனால் வழுக்குமா? கடை வாசலில் கருங்கல் படி இருந்தது. மீதித் தண்ணீரை அதில் ஊற்றினேன். கையால் தேய்த்துப் பார்ப்பது போதாது, ஆள் பாரம் வேண்டும். ராஜம் மாட்டேன் என்றாள். சரியென்று நானே சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு காலை நுழைத்துப் படியில் இறங்கி ஏறினேன். சந்தைக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவன் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். "பாட்டியப் பட்டாளத்துல சேத்துட்டாங்களான்னு கேக்கறான்" என்றாள் ராஜம். காது வரை சுட்டது எனக்கு. ஆனாலும் இன்னொரு தரம் இறங்கினேன். வழுக்கவில்லை!

அளவுக்கு வந்தோம். ஈர்க்குச்சியைக் கொடுத்ததும் கடைக்காரர் உள்ளே விட்டுப் பார்த்து ஒரு ஜோடியை எடுத்தார். குச்சி கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொரு ஜோடி ஒரு விரல்கடை பெரிது. கிட்டத்தட்ட அந்த அளவில் இருந்தவை இந்த இரண்டும்தான். "சரியா இருக்கே, இதையே எடுத்துக்கலாம்மா" என்றாள் ராஜம். நானும் தலையாட்டப் போனேன். குனிந்தபோது என் காலில் மெட்டி அழுத்துவது தெரிந்தது. காலையில் கழன்று விழுகிற மாதிரி இருந்த மெட்டி! அளவு எடுத்தது காலையில் அல்லவா? பகலெல்லாம் நடக்கிற காலுக்குக் காலை அளவு எப்படிப் போதும்? போதாக்குறைக்குப் புண்ணுக்குத் துணி வேறு சுற்ற வேண்டும்.

"பெருசையே குடுக்கச் சொல்லு. ரெண்டு காலுறை போட்டுக்கட்டும், உள்ள மெல்லிசா ஒண்ணு, மேல கெட்டியா ஒண்ணு."

"தொளதொளன்னு இருந்தா அதுவும் தோலை உரிக்கும்மா."

"கயிறு எதுக்கு இருக்கு? கணுக்கால்ல இறுக்கிக் கட்டட்டும்." வாய் சொன்னதே தவிர, இரண்டு ஜோடியையும் மறுபடி தூக்கிப் பார்த்தேன். ஊரிலும் இப்படித்தானே நிச்சயமாகச் சொல்லி வாங்கினோம்? காட்டில் போட்டுவிட்டால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் வேறு சொன்னார்.

வீட்டுக்கு வந்து கொடுக்கும்போது தட்டு வைக்கவில்லை, ராஜத்தையும் கூப்பிடவில்லை. நானே நீட்டினேன். "கடிச்சா அப்பவே சொல்லிடணும். எனக்காகப் போடக் கூடாது" என்றேன்.

"சொல்றேன், அத்தே." போட்டுக்கொண்டு எழுந்து நின்று ஒரு குதி குதித்தார். "லெசே! லேசு!" என்றார். கிரியோலில் லேசுக்கு லெசேதானாம். மறுநாள் சும்மா ஓடை வரைக்கும் போய் வந்தார். கால் நனைந்தது, வீடு வருவதற்குள் பாதி காய்ந்துவிட்டது. புண்ணில் புதிதாக ரத்தம் இல்லை. ஆனால் ஓடை வரை போவது வேறு, நாள் முழுக்கக் காடு வேறு.

சனிக்கிழமை. வேட்டை நடக்கிற இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பெண்கள் சமைக்கிறார்கள். நானும் ராஜமும் வெங்காயம் உரித்தோம். கொம்பு ஊதினார்கள். அப்புறம் காட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், தேர் நிலையை விட்டு நகரும்போது எழும்பும் சத்தத்துக்குச் சமம்! நாய் குரைத்தது, வெடி வெடித்தது. மான் ஒன்று கரும்போரம் பாய்ந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். தங்க நிறம்! ஓடட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாருடைய சம்பளத்தில் சாப்பிடுகிறோம் என்று உடனே நினைவு வந்து சும்மா இருந்தேன்.

ஒரு பக்கத்து மானை விரட்டும் முதல் ஓட்டம் முடிந்தது. வரிசை அடுத்த பக்கம் போயிற்று. இரண்டாவது ஓட்டத்தில் மழை கொட்டியது, இங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஓடை செம்மண் நிறத்தில் பொங்கியது. முதலில் அடிபட்ட மான் கறியாகி அடுப்பில் கொதித்தது. எனக்கு அந்த வாசனைகூடப் பிடிபடவில்லை.

மூன்றாவது ஓட்டமும் முடிந்து கொம்பு ஊதியாயிற்று. ஆட்கள் ஒவ்வொருவராகப் புதரிலிருந்து வெளியே வந்தார்கள். தோன் போல் வந்தார். நாய்கள் வந்தன. மாப்பிள்ளை வரவில்லை.

"அவரு கடைசிலதான் வருவாரும்மா. யாரும் உள்ள நின்னுடக் கூடாதில்ல?" என்றாள் ராஜம். சொன்னவளின் கை கரண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் துரை மேடையிலிருந்து இறங்கிக் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒருவன் தயாராகக் காத்திருந்தான். இவர் நொண்டிக்கொண்டு வந்தால் அடுத்த தலைவன் அவன்தான் என்று ராஜம் காதோடு சொன்னாள்.

கொய்யாப் புதர் அசைந்தது. வழக்கம்போல நான் முதலில் காலைத்தான் பார்த்தேன். பச்சைப் பூட்ஸ், சேறு அப்பி. இடது, வலது, இடது, வலது. ஒரு காலை வைத்து மறு காலை இழுக்கவில்லை, சாய்ந்து மிதிக்கவில்லை. ஓடையை ஒரே தாண்டில் தாண்டி, அந்தப் பாசிக் கல்மேல் நின்று, பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டு, மறுபடி நடந்தார். ராஜம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

துரை அவரிடம் ஏதோ சொன்னார். இரண்டே வார்த்தை.

"என்னடி?"

"அடுத்த சனிக்கிழமை வடக்குப் பக்கம். அதையும் நீயே நடத்துங்கறாரு."

தோன் போல் போகிற போக்கில் மாப்பிள்ளையின் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வெங்காயத் தோலைப் பெருக்கினேன்.

ஆட்கள் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு எப்போதும் ராஜம்தான் பரிமாறுவாள், நான் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பேன். அன்று சட்டியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். சோற்றில் மான் கறியைப் போட்டேன்.

"கடிச்சுதா?" என்று கேட்டேன். நேராக, முகத்தைப் பார்த்து. அண்ணனின் அதே மூக்கு, அதே புருவம். இத்தனை நாளும் நான் பார்க்கவே இல்லை.

"இடது கால்ல கொஞ்சம், அத்தே. சாயங்காலம் எண்ணெய் போடுங்க" என்றார், ஒளிக்காமல். பிறகு சோற்றுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தார். "போதும், போதும்."

அந்தக் கையை நகர்த்திவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.